"நிப்பாட்ட ஏலாது" என்று தீர்மானித்தது யார்?



நீண்ட பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் இஷாவுக்குப் பிறகு வாசியுங்கள். ஆனால் இறால் பண்ணை, ஐஸ் கம்பனி, உப்பளம், தோட்டக் கிணறு என்று எங்கேயாவது மோட்டார் ஓடவிட்டுப் பிழைக்கிறவர்கள், அங்கே வேலைக்குப் பிள்ளையை அனுப்பியிருக்கிறவர்கள், வாசிக்காமல் லைக் மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

எங்களிடம் சாதாரண தரம் வரைக்கும் படித்த பிள்ளை ஒருவரை சென்ற மாதம் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தோம். பெயர் வேண்டாம், பண்ணையின் பெயரும் வேண்டாம். தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்கு அது எந்தப் பண்ணையாகவும் இருக்கலாம். இரவு 2 மணி. குளத்தில் எட்டு ஏரேட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்று திக்கித் திக்கிச் சுற்றுகிறது, கேபிள் மூட்டில் பொறி பறக்கிறது. பிள்ளை கரையில் இருந்த பெட்டியை நோக்கிப் போயிருக்கிறார். மேற்பார்வை செய்கிற ஆள், "ஓஃப் பண்ணாத, நிப்பாட்ட ஏலாது, இறால் செத்துரும். அப்படியே போய்ப் பார்" என்றிருக்கிறார். பிள்ளை இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, இன்சுலேஷன் டேப்பை வாயில் கவ்விக்கொண்டு, உயிரோடு இருந்த மூட்டில் கை வைத்தார்.

அவர் இன்று உயிரோடு இருப்பதற்கு ஒரே காரணம், கரையில் நின்ற மற்றப் பொடியன் எண்பது அடி ஓடிப்போய் மெயினைப் பிடுங்கியதுதான். ட்ரிப் சுவிட்ச் விழவில்லை. ஏனென்றால் அது இல்லை. இருந்ததாம், உப்புக் காற்றுக்கும் ஈரத்துக்கும் அடிக்கடி விழுகிறது என்று கழற்றிவிட்டு "டைரக்ட்" கொடுத்துவிட்டார்களாம். வலது கையில் இரண்டு விரல் எடுத்தாயிற்று. மூன்றாவது மடங்குமா என்று பொறுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது கவனியுங்கள். மெயினைப் பிடுங்கியதும் எட்டு ஏரேட்டரும் நின்றன. பிள்ளையைத் தூக்கி, நெஞ்சை அமுக்கி, வேன் பிடித்து அனுப்பி முடியும்வரை யாரும் திரும்பப் போடவில்லை. கிட்டத்தட்ட அரை மணித்தியாலம். ஒரு இறால் சாகவில்லை. நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்டோம். ஒன்றுகூட மிதக்கவில்லை என்று மேற்பார்வை செய்த அதே ஆள்தான் சொன்னார்.

எட்டும் அரை மணித்தியாலம் நிற்கலாம் என்றால், ஒன்று இருபது நிமிடம் ஏன் நிற்க முடியாமல் போனது? இந்தக் கேள்விக்குப் பதில் கேட்டுத்தான் இந்தப் பதிவு.

முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்தார். பழம் கொண்டுவந்தார், கவரில் காசு கொடுத்தார். நல்ல மனிதர், பள்ளிக் கட்டடத்துக்கு அள்ளிக் கொடுத்தவர், அதை மறைக்க மாட்டோம். ஆனால் அவர் வாயிலிருந்து வந்த ஒரே விளக்கம்: "பொடியன் கவனயீனம், சேர்." மஹல்லா வாட்ஸ்அப் குழுவில் அதைவிடச் சுருக்கம்: "கத்ர்." அதன் கீழே நாற்பது ஆமீன். ஒருவர்கூட "ஏன் ஓஃப் பண்ணவில்லை?" என்று கேட்கவில்லை.

நாங்கள் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்கள். இந்தப் பிள்ளைக்கு ஓமின் விதியையும் நாங்கள்தான் படிப்பித்தோம். சூத்திரத்தை எழுதி, மூன்று கணக்குச் செய்து, "பரீட்சைக்கு வரும், பாடமாக்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விட்டோம். செய்ய வேண்டிய நான்காவது கணக்கு இது. நம் வீட்டு, பண்ணைக் கரண்ட் ஒரு கம்பிக்கும் நிலத்துக்கும் இடையில் 230 வோல்ட். உப்புத் தண்ணீரில் ஊறிய உடம்பின் தடை சுமார் 1000 ஓம் என்று வையுங்கள். வகுத்தால் 0.23 அம்பியர், அதாவது 230 மில்லி அம்பியர். 60 வாட் குண்டு பல்பு ஒன்று இழுக்கிற அளவு அவ்வளவுதான். 10 மில்லி அம்பியரைத் தாண்டும்போதே கை தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகத் தொடங்கும். 30 ஐத் தாண்டினால் மூச்சுக்கு ஆபத்து. அதற்கு மேலே இதயத்தின் தாளமே குழம்பிவிடும். பெட்டியில் இருக்கிற 20 அம்பியர் பிரேக்கர் இதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. அதன் வேலை கம்பி எரியாமல் பார்ப்பது. ஆளைப் பார்க்கிறது அந்த 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் மட்டும்தான். அதைத்தான் "தொல்லை" என்று கழற்றி வைத்திருக்கிறோம். எங்கள் வீட்டுப் பெட்டியில் அது இருக்கிறது, அது இல்லாத வீட்டில் நாங்கள் பிள்ளைகளைப் படுக்க வைக்க மாட்டோம். கூலிக்கு வருகிறவனின் பிள்ளை இடுப்பளவு உப்புத் தண்ணீரில் அது இல்லாமல் நிற்கலாம் என்பது எந்தக் கணக்கு?

"சேர், நீங்க கரும்பலகையில கணக்குப் போடுறீங்க, பண்ணை வேற" என்பார்கள். சரி, பண்ணைக்கே வருவோம். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. பகலில் குளத்துப் பாசி ஒட்சிசன் தரும். இரவில் அதே பாசியும் இறாலோடு சேர்ந்து ஒட்சிசனைக் குடிக்கும். விடியப் போகிற நேரத்தில்தான் தண்ணீரில் ஒட்சிசன் ஆகக் குறைவு. வன்னமை வந்த பிறகு குளத்துக்குள் நெருக்கம் கூடியிருக்கிறது, ஏரேட்டரை நம்பியிருப்பதும் கூடியிருக்கிறது. அந்த நேரத்தில் எல்லா ஏரேட்டரும் நின்று, ஜெனரேட்டரும் பிடிக்காவிட்டால் ஓரிரு மணித்தியாலத்தில் ஒரு பருவத்து உழைப்பு மிதக்கும். தீன்கடைக் கடன், வங்கிக் கடன், எல்லாம் அந்தத் தண்ணீருக்குள்தான். இதையெல்லாம் லேசாக எடுத்துக்கொள்கிற ஆட்கள் நாங்கள் இல்லை. இந்தக் கரையில் இறால் செத்த வருடங்களில் எங்கள் வகுப்பில் எத்தனை பிள்ளை படிப்பை விட்டது என்று எங்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் இந்த உண்மைக்குள் ஒரு பொய்யை ஒளித்து வைத்திருக்கிறோம். நிறுத்த முடியாதது குளத்துக் காற்று. ஏரேட்டர் இல்லை. எட்டில் ஒன்றை நிறுத்தினால் ஏழு ஓடும். பழுதான ஒன்று எப்படியும் ஒழுங்காகச் சுற்றவில்லை, அதை நிறுத்துவதால் குளம் இழக்கப் போவது ஒன்றுமே இல்லை. அப்படியானால் ஏன் நிறுத்தவில்லை? ஏனென்றால் எட்டுக்கும் ஒரே பெட்டி, ஒரே சுவிட்ச். ஒன்றை நிறுத்த எட்டையும் நிறுத்த வேண்டும். அதாவது "நிப்பாட்ட ஏலாது" என்பது இறாலின் குணமில்லை, அல்லாஹ் படைத்த விதமுமில்லை. வயரிங் செய்த அன்று யாரோ ஏழு சுவிட்சின் காசை மிச்சம் பிடித்ததன் விளைவு. அந்த மிச்சத்தை இப்போது ஒரு பிள்ளை இரண்டு விரலால் கட்டியிருக்கிறது. ட்ரிப் சுவிட்ச் கதையும் இதுதான். ஒன்றில் கசிந்தால் எட்டும் நிற்கிறது என்றுதானே கழற்றினீர்கள்? ஏரேட்டருக்கு ஒன்று வீதம் போட்டால் கசிகிறது மட்டும் விழும், மற்றது ஓடும், எது பழுது என்றும் உடனே தெரியும். இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. ஒழுங்கான வயரிங் பாஸ் எவரும் சொல்வார், கேட்டால்.

இந்த மாதிரி வேலைக்கு மற்ற நாடுகளில் முதலில் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்தோம். பிரித்தானியாவில் 1989இல் வந்த வேலையிட மின்சார ஒழுங்குவிதிகளில் 14ஆவது விதி இதைப் பற்றியது. கரண்ட் இருக்கும்போதே ஒருவரை அதன் பக்கத்தில் வேலைக்கு விடுவதென்றால் மூன்று நிபந்தனையும் ஒன்றாக நிறைவேற வேண்டும். நிறுத்துவது நியாயமே இல்லை என்ற நிலை இருக்க வேண்டும். அப்படி இருந்தாலும், அந்த ஆள் கரண்டோடு வேலை செய்வது நியாயமாக இருக்க வேண்டும். இரண்டும் சரி என்றாலும், காயம் வராமல் தடுக்கத் தகுந்த ஏற்பாடு செய்திருக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனையை இன்னொரு முறை வாசியுங்கள். நிறுத்த முடியாது என்று நிரூபித்துவிட்டால் மட்டும் ஆளை இறக்க உரிமை வந்துவிடாது. "நிறுத்தவும் முடியாது, ஆளை இறக்கவும் கூடாது" என்பதும் ஒரு பதில்தான். அந்தப் பதில் வந்தால் பழுதான மெஷின் காலை வரை பழுதாகவே கிடக்கும். அவ்வளவுதான். அமெரிக்காவிலும் அதே 1989இல்தான் பழுதுபார்க்கும் முன் சுவிட்சைப் பூட்டி, அட்டை தொங்கவிட வேண்டும் என்ற விதி வந்தது. பூட்டின் சாவி வேலை செய்கிறவனின் பையில் இருக்கும். முதலாளியின் மேசையில் இல்லை. வேறு யாரும் போட முடியாது.

நம் ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்டது யார்? இரவு 2 மணிக்கு மேற்பார்வை செய்த ஆளா? பாவம், அவரும் சம்பளத்துக்கு நிற்கிறவர். ஓஃப் பண்ணி இறால் செத்தால் அவர் தலை போகும், ஓஃப் பண்ணாமல் ஆள் செத்தால் "கவனயீனம்" என்று சொல்லிவிடலாம். எந்தப் பக்கம் சாய்வார்? தீர்மானம் அன்று இரவு எடுக்கப்படவே இல்லை. அது என்றைக்கோ எடுக்கப்பட்டு, யாரும் பேர் போடாமல், சுவரிலும் எழுதாமல், எல்லோர் மண்டைக்குள்ளும் கிடந்தது. அதனால் ஒரு யோசனை. "இந்த மெஷினை நிறுத்தாமல் பழுது பார்க்க வேண்டும், காரணம் இது, இறங்கப் போகிறவர் இவர்" என்று ஒரு கொப்பியில் எழுதி, முதலாளி கையெழுத்து வைக்க வேண்டும் என்று ஒரு வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். இரவு என்றால் எழுப்பி வைக்கச் சொல்லுங்கள். இந்தக் கரையில் இன்று நிறுத்த முடியாத மெஷின்களில் பெரும்பாலானவை நாளைக்கே நிறுத்தக் கூடியதாகிவிடும்.

உண்மையாகவே கரண்ட் இருக்கும்போது செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. எங்கே வோல்ட் விழுகிறது என்று மீட்டர் வைத்துப் பார்க்க கரண்ட் இருந்தால்தான் முடியும். மோட்டார் எவ்வளவு இழுக்கிறது என்று கிளாம்ப் மீட்டரால் பார்ப்பதும் அப்படித்தான். சீமெந்து ஆலையின் சூளைக்குள் 1400 பாகை செல்சியஸுக்கு மேல். சூடாக இருக்கும்போது அதைச் சுற்றாமல் நிறுத்தினால் அந்த நீண்ட உருக்குக் குழாய் தன் பாரத்திலேயே வளைந்துவிடும். அதனால் அதை மெதுவாகவாவது சுற்றிவிட வேறு ஒரு சிறிய இயக்கி பூட்டப்பட்டிருக்கும். பாருங்கள், அங்கேயும் பதில் "ஓடும்போதே கையை விடு" இல்லை. நிறுத்த முடியாதது எது என்று சரியாகக் கண்டுபிடித்து, அதற்கு மட்டும் ஒரு மாற்று வைத்திருக்கிறார்கள். உயர் அழுத்தக் கம்பியில் கரண்டோடு வேலை செய்கிற குழுக்கள் உலகமெங்கும் உண்டு. கடத்தாத கோல், கையுறை, வாளி பொருத்திய வாகனம், வருடக்கணக்கான பயிற்சி, கீழே நின்று பார்க்க வேறு ஒரு ஆள். அது ஒரு தனித் தொழில். நம் ஆட்கள் ரப்பர் செருப்பையும் "பயப்படாத பொடியன்" என்ற பட்டத்தையும் கொடுத்து அதே வேலைக்கு இறக்குகிறார்கள். புறங்கையால் தட்டிப் பார்த்துக் கரண்ட் இருக்கா என்று சொல்கிற நானாமார் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதைப் பார்த்துச் சிரித்து, கைதட்டி வளர்த்தவர்கள் நாம்தான்.

நமக்குப் பக்கத்தில் நுரைச்சோலை இருக்கிறது. 300 மெகாவாட் வீதம் மூன்று அலகு, 900 மெகாவாட். நாட்டில் நிறுத்தக் கூடாத மெஷின் என்று ஒன்று இருந்தால் அதுதான். 2020 ஆகஸ்ட் 17ஆம் திகதி நாடு முழுவதும் இருண்டது நினைவிருக்கும். நுரைச்சோலையில் யாரும் பிழை செய்யவில்லை. கெரவலப்பிட்டிய உப மின்நிலையத்தில் பராமரிப்பு வேலை நடந்தபோது நடைமுறையைப் பின்பற்றாமல் விட்ட மனிதத் தவறு என்று விசாரணைக் குழு சொன்னது. அங்கே ஒரு படி தவற, இங்கே நுரைச்சோலை விழுந்தது. விழுந்தது எழும்ப நாட்கள் எடுத்தன. அதுவரைக்கும் நாடு மின்வெட்டில் கிடந்தது. அங்கே வேலை செய்கிறவர்கள் படித்தவர்கள், நடைமுறை எழுதி வைத்திருக்கிறவர்கள். எழுதி வைத்த இடத்திலேயே ஒரு படி தவறினால் இவ்வளவு. எழுதாமலேயே நடத்துகிற நம் பண்ணையை நினைத்துப் பாருங்கள். மெஷினை நிறுத்தாமல் காப்பாற்றுகிறோம் என்று ஒழுங்கை விட்டால் கடைசியில் எல்லாமே நிற்கும். அன்று அந்தக் குளத்திலும் அதுதானே நடந்தது? ஒன்றை நிறுத்தவில்லை, எட்டும் நின்றது.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்தது என்று நாடே சிரித்த நாள். நுரைச்சோலையின் மூன்று அலகும் விழுந்தன, அடுத்த நாட்களில் ஒன்றரை மணித்தியால மின்வெட்டும் வந்தது. எல்லோரும் குரங்கைப் பற்றிக் கதைத்தோம். நாங்கள் அன்று பார்த்த இன்னொன்றைச் சொல்கிறோம். கரண்ட் போனதும் நம் ஆட்கள் "இதுதான் நேரம்" என்று பழுது பார்க்க இறங்கினார்கள். மெயினை ஓஃப் பண்ணவில்லை, கரண்ட்தான் இல்லையே! அந்தக் கரண்ட் எந்த நிமிடத்தில் வரும் என்று மின்சார சபைக்கே நிச்சயமாகச் சொல்ல முடியாத நாள் அது. பக்கத்துக் கொட்டிலில் ஒருவர் ஜெனரேட்டரை இழுத்து ஸ்டார்ட் செய்தால், மாற்றுச் சுவிட்ச் ஒழுங்காக இல்லாத இடத்தில் அந்தக் கரண்ட் எந்தக் கம்பியில் எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்? கரண்ட் போவதும் மெயினை நிறுத்துவதும் ஒன்றல்ல. நிறுத்தியதை நாம் காவல் காக்கலாம். போனது தன் இஷ்டத்துக்குத் திரும்பி வரும்.

இதன் ஆகப் பெரிய பாடம் கடலில் நடந்தது. 1988 ஜூலை 6, வட கடலில் பைப்பர் அல்பா என்ற எண்ணெய் மேடை. ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றியிருந்தார்கள். அந்தச் செய்தி இரவு முறை ஆட்களுக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. ஓடிக்கொண்டிருந்த மற்றப் பம்ப் நின்றது. அது நின்றால் மேடைக்கு மின்சாரமே போய்விடும், நிறுத்த முடியாது என்ற அவசரம். கழற்றிய பம்பைப் போட்டார்கள். வாயு கசிந்து வெடித்தது. அது எரிந்துகொண்டிருக்கும்போதே பக்கத்து மேடைகள் உற்பத்தியை உடனே நிறுத்தவில்லை. 167 பேர் இறந்தார்கள். நிறுத்த அதிகாரமும் துணிவும் உள்ள ஒரு ஆள் சரியான இடத்தில் இல்லாததுதான் அங்கேயும் குறை. நம் குளத்துக்கரையில் அந்த ஆள் இருந்தார். பத்தொன்பது வயது, பெட்டியை நோக்கி நடந்துகொண்டிருந்தார். அவரைத்தான் திருப்பி அனுப்பினோம்.

முதலாளிமாருக்கு ஒரு பழைய கதையை நினைவூட்ட வேண்டும். வெண்புள்ளி நோய் வந்து சிலாபம் தொடங்கி முந்தல் வரைக்கும் டச்சுக் கால்வாய்க் கரை முழுக்கக் குளங்கள் காய்ந்த காலம். அதற்குப் பிறகு என்ன செய்தோம்? வலயம் வலயமாகப் பிரித்து, இன்ன காலத்தில் இந்த வலயம் குஞ்சு விடலாம், இன்ன காலத்தில் குளத்தைக் காயப் போட வேண்டும் என்று அட்டவணை போட்டு அதற்குக் கட்டுப்பட்டோம். முதலில் கத்தினார்கள், "குளத்தைச் சும்மா போட ஏலாது, கடன் இருக்கு" என்று. பிறகு எல்லோரும் பழகிக்கொண்டார்கள். இன்று அதைப் பெருமையாகவும் சொல்கிறோம். ஒரு கிருமிக்காக மாதக்கணக்கில் முழுக் குளத்தையே நிறுத்தத் தெரிந்த சமூகம் இது. அப்படியிருக்க, ஒரு மனிதனுக்காக இருபது நிமிடம் ஒரு மோட்டாரை நிறுத்தத் தெரியாது என்று சொன்னால் நாங்கள் நம்ப வேண்டுமா? இறாலுக்கு நோய் வந்தால் இழப்பு முதலாளிக்கு. பொடியனுக்குக் கை போனால் இழப்பு அவன் உம்மாவுக்கு. வித்தியாசம் இவ்வளவுதான். இதைச் சொல்வதால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

இனி அந்தக் "கத்ர்". இதை எழுத யோசித்தோம், எழுதாமல் விடவும் மனமில்லை. நடந்ததைப் பொறுத்துக்கொள்ளவும், குடும்பத்துக்கு ஆறுதல் சொல்லவும் கத்ரைப் பற்றிக் கதைப்பது நம் ஈமானின் பகுதி. அதில் வாதம் இல்லை. ஆனால் விசாரணையை மூடுவதற்கு அதைக் கதவாகப் பாவிக்க எங்கே படித்தோம்? ஷாமுக்குப் போகிற வழியில் கொள்ளைநோய்ச் செய்தி கேட்டு உமர் ரழியல்லாஹு அன்ஹு அவர்கள் படையோடு திரும்பிய சம்பவத்தை மத்ரஸாவில் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அல்லாஹ்வின் கத்ரிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா ரழியல்லாஹு அன்ஹு கேட்டபோது, அவனுடைய ஒரு கத்ரிலிருந்து இன்னொரு கத்ருக்குத்தான் போகிறோம் என்ற கருத்தில்தான் பதில் வந்தது. சுவிட்சை ஓஃப் பண்ணுவதும் கத்ருக்குள்தான் இருக்கிறது. இன்னொன்றும் கேட்கிறோம், பதில் சொல்லுங்கள். இறால் செத்தால் எவராவது "கத்ர்" என்று எழுதிவிட்டுப் படுக்கப் போகிறாரா? தண்ணீரை எடுத்துப் பரிசோதிக்கிறோம், குஞ்சு விற்றவனோடு சண்டை பிடிக்கிறோம், தீன் கம்பனிக்காரனைக் கூப்பிட்டுக் காரணம் கேட்கிறோம். மனிதனுக்கு மட்டும் ஏன் காரணம் தேட மாட்டோம்?

சட்டம் என்ன சொல்கிறது என்று அந்தப் பிள்ளையின் வாப்பா கேட்டார். நாங்கள் சட்டத்தரணிகள் இல்லை, வாசித்ததைச் சொன்னோம். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. வேலையின் காரணமாகவும் வேலை நேரத்திலும் வந்த காயத்துக்கு நட்டஈடு கேட்க அதில் வழி உண்டு. கவரில் வருகிற காசு உதவி, அது இந்த உரிமைக்கு ஈடல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், எதிலும் வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் இருக்கிறது. ஆனால் அது எழுதப்பட்ட காலத்தில் இந்தக் கரையில் இறால் பண்ணை என்று ஒன்றே இல்லை. குளத்துக்கரை "தொழிற்சாலை" ஆகுமா என்று சட்டம் தெரிந்தவர்கள் வாதாடிக்கொண்டிருக்கலாம். அந்த வாதம் முடியும்வரை தண்ணீரில் நிற்கிற பிள்ளையைக் கேட்க யாரும் வர மாட்டார்கள். நியமனக் கடிதம்கூட இல்லாத வேலை. சம்பளப் பட்டியலில் பேரே இல்லை. தொழில் திணைக்களம் வந்து தேடினாலும் "அவர் சும்மா வந்து நின்றவர்" என்று சொல்லலாம். நம் ஊரில் நல்ல மனிதர்கள் நிறைய, நியமனக் கடிதம் கொடுக்கிறவர்கள் குறைவு.

சில முதலாளிமார் இந்தப் பதிவைப் பார்த்து எங்களுக்கு அழைப்பு எடுப்பார்கள் என்று தெரியும். வாருங்கள், கதைப்போம். குளத்துக்கு ஒரு ஏரேட்டர் மேலதிகமாக வைத்தால் இரவில் பழுதானதைக் கயிறு போட்டுக் கரைக்கு இழுத்துவிட்டு மற்றதை விடலாம், யாரும் தண்ணீரில் இறங்க வேண்டியதே இல்லை. அதன் விலை ஒரு அறுவடையில் எத்தனை கிலோ இறாலுக்குச் சமம் என்று நீங்கள் எங்களைவிட வேகமாகக் கணக்குப் பார்ப்பீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனிச் சுவிட்ச், தனி ட்ரிப், கேபிள் மூட்டுத் தண்ணீருக்கு மேலே உயரத்தில். இரவு முறையில் தனி ஆளை விடாமல் இருவர். அந்தப் பிள்ளை பிழைத்தது இரண்டாவது ஆள் நின்றதால்தான், அதுவும் தற்செயல், தேநீர் போட எழும்பி வந்தவராம். ஐஸ் கம்பனிக்காரர்களும் இது தங்களுக்கில்லை என்று நினைக்க வேண்டாம். "படகு வரப்போகிறது, நிப்பாட்ட ஏலாது" என்ற பாட்டு உங்களிடமும் உண்டு. கற்பிட்டிப் பக்கம் தோட்டம் செய்கிறவர்கள் ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்று கிணற்று மோட்டாரை அவிழ்ப்பதை நாங்கள் ஒவ்வொரு கிழமையும் பஸ்ஸில் இருந்தே பார்க்கிறோம்.

பள்ளி நிர்வாகத்திடம் ஒன்று கேட்டிருக்கிறோம். வருகிற ஜும்ஆவுக்குப் பிறகு பத்து நிமிடம். பயான் வேண்டாம், அறிவித்தல் போதும். பண்ணை வைத்திருக்கிற ஜமாஅத்தார் எத்தனை பேர் தங்கள் குளத்தில் தனிச் சுவிட்ச் போடச் சம்மதிக்கிறார்கள் என்று பெயர் எடுப்பது. கட்டட நிதிக்குப் பெயர் வாசிப்பதுபோல இதற்கும் வாசித்தால் என்ன?

எங்கள் பங்குக்கும் ஒன்று. வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலை விஞ்ஞான கூடத்தைத் திறந்து வைக்கிறோம். அதிபரிடம் அனுமதி எடுத்தாயிற்று. ஒரு மோட்டார், ஒரு பெட்டி, இரண்டு ட்ரிப் சுவிட்ச், மூன்று பூட்டு வைத்திருக்கிறோம். பழைய மாணவர் ஒருவர் வயரிங் சான்றிதழ் எடுத்தவர், அவர் செய்து காட்டுவார். நிறுத்தி, பூட்டி, சாவியைப் பையில் போட்டு, பிறகு கரண்ட் உண்மையாகவே இல்லையா என்று பார்ப்பது எப்படி என்று. பண்ணையில் வேலை செய்கிற தம்பிமார் வாருங்கள், கூட்டிவருகிற முதலாளிமாருக்கு முன்வரிசை. டெஸ்டர் வைத்திருக்கிறவர்கள் அதையும் கையோடு கொண்டுவாருங்கள். முதலில் கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்து, அது எரிகிறதா என்று பார்ப்போம்.